“வீட்டில் வழுக்கி விழுந்தேன்” என்று சொல்லிவிட்டார் அப்பா: இனி என்ன செய்வது?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். சுருக்கமாக அவர் கேள்வி இது:

“அப்பாவுக்கு 45 வயது, கொத்தனார். அம்மா அதே மேஸ்திரியிடம் சித்தாள். தண்டையார்பேட்டையில் மூன்று மாடி வீடு ஒன்றில் போன மாதம் வெளிப்பூச்சு பூசும்போது சாரப் பலகை புரண்டு அப்பா விழுந்துவிட்டார். இடது மணிக்கட்டு உடைந்தது. மேஸ்திரி அன்றைக்கே ஜிபேயில் 5,000 போட்டார். ‘ஆஸ்பத்திரியில் வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லு, சைட்டுன்னு சொன்னா போலீஸ் வரும்’ என்றார். அப்பாவும் அப்படியே சொல்லிவிட்டார். மூன்று வாரக் கூலி பாக்கி. கேட்டால் அந்த 5,000-ஐக் கழித்துக்கொண்டு மீதி தருகிறேன் என்கிறார். எதிர்த்துப் பேசினால் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிடுவாரோ என்று பயம். அப்பாவின் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை காலாவதி ஆகிவிட்டது, அம்மாவுக்கு அட்டையே இல்லை. ரூஃப் போட்டு ஆறாம் நாளே அதைத் தாங்கும் முட்டுக் கட்டைகளை எடுக்கிறார்கள், அதற்கு அடியில்தான் அம்மா கல் தூக்குகிறார். அவர் கைவிரல் எல்லாம் சிமெண்ட் புண். இதில், அப்பா கை சரியாகும்வரை, காலேஜில் படிக்கும் என்னை வரச் சொல்கிறார் மேஸ்திரி. லேசான வேலைதானாம், சம்ப்புக்குள் (தரைக்கு அடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி) சென்டிரிங் பலகை, அதாவது கான்கிரீட்டைத் தாங்க அடித்த பலகை, பிரிக்க வேண்டுமாம். போகலாமா?”

போகாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம், இதை முதலில் படியுங்கள்.

புதிதாகக் கட்டிய சம்ப்பு, செப்டிக் டேங்க் இரண்டிலும் மேல் தளம் போட்ட பிறகு உள்ளே பலகையும் முட்டும் மாட்டிக்கொண்டு இருக்கும். இரண்டடிக்கு இரண்டடி வாய் ஒன்றுதான் வழி. அதையும் குப்பை விழாமல் பலகை போட்டு மூடி வைத்திருப்பார்கள். உள்ளே தளம் ஆற ஊற்றிய தண்ணீர் தேங்கி, ஈரப் பலகை வாரக்கணக்கில் ஊறிக் கிடக்கும். மரம் ஊறி மக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். துருப்பிடிக்கும் கம்பியும் தின்னும். நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது 10-க்குக் கீழே போனால் மயக்கம். அதற்கும் கீழே போனால் ஓரிரு மூச்சுதான், ஏணியில் திரும்பி ஏறக்கூட நேரம் இருக்காது. நாற்றம் எதுவும் வராது. “புது டேங்க்தானே, இன்னும் சாக்கடையே விடலையே” என்று இறங்கிச் சாகிறவர்கள் உண்டு. ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பார். அவரும் விழுவார். செய்தித்தாளில் ‘அடுத்தடுத்து’ என்று போடுவார்களே, அது இதுதான்.

மணலி பக்கம் ஒரு வேலையில் என் கண்முன்னாலேயே ஒரு பையன் சுருண்டான். அன்றைக்கு அவன் இடுப்பில் கயிறு இருந்தது. அதுவும் வேறு காரணத்துக்காக, பலகையை மேலே இழுக்கக் கட்டியிருந்த கயிறு. அதனால் பிழைத்தான்.

யாராவது கட்டாயம் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும். இறைக்கும் டீசல் இன்ஜின் வெளியே இருக்க வேண்டும், உள்ளே இறக்கினால் அந்தப் புகையே ஆளைக் கொல்லும். வாயை ஒரு நாள் முழுக்கத் திறந்து போட வேண்டும். அப்புறம் புளோயரில் குழாய் மாட்டி அடிமட்டம் வரைக்கும் காற்று அடிக்க வேண்டும், ஆள் உள்ளே இருக்கும்வரை நிறுத்தக் கூடாது. அக்குளுக்கு அடியில் கயிறு, மேலே இரண்டு பேர். உள்ளே இருப்பவர் பேசாமல் போனால் இழுக்க வேண்டுமே தவிர, யாரும் இறங்கக் கூடாது. இதையெல்லாம் செய்கிற மேஸ்திரி, அனுபவம் இல்லாத காலேஜ் பையனை ‘லேசான வேலை’ என்று கூப்பிடமாட்டார்.

சரி, இப்போது அப்பா விஷயம். நான் பெரியாளாக, அதாவது கொத்தனாருக்கு உதவியாளாக வந்து, கொத்தனாராகி, சைட் சூப்பர்வைசராகவும் இருந்தவன். கடைசி ஒன்பது வருடமாகச் சங்க ஆபீசில் உட்கார்ந்து மனு எழுதுகிறேன். எழுதியதில் பாதி மனு, ஆஸ்பத்திரியில் சொன்ன ஒரு வார்த்தையைச் சரி பண்ணுவதற்காகத்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் அடிபட்டுப் போனால் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். என்று சொல்வோம், விபத்துப் பதிவேடு. எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது, யார் சொன்னது என்று நாலு வரி. டாக்டர் அவசரத்தில் எழுதுவார், நாமும் வலியில் சொல்வோம். ஆனால் ஆறு மாதம் கழித்து இழப்பீடு கேட்டு நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் விரிப்பது அந்தப் பக்கத்தைத்தான். “வீட்டில் விழுந்ததாக இவரே சொல்லியிருக்கிறார்” என்று முடித்துவிடுவார். மேஸ்திரிக்கு இது தெரியும். அல்லது அவருக்கு மேலே இருக்கும் இன்ஜினியருக்குத் தெரியும், அவர் சொல்லி மேஸ்திரி சொல்லியிருப்பார். போலீஸ் வரும் என்பது பொய் இல்லை, ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். அதனால் பயப்பட வேண்டியது பாதுகாப்பு இல்லாமல் வேலை வாங்கியவர், விழுந்தவர் இல்லை. இந்த ஒரு குழப்பத்தில்தான் நம் ஆட்கள் குற்றவாளி மாதிரி பேசிவிட்டு வருகிறார்கள்.

எழுதிய ஏ.ஆரை அழித்து எழுத முடியாது. ஆனால் அதோடு கதை முடிந்துவிடவில்லை. ஏன் அப்படிச் சொன்னார் என்று விளக்க முடியும், அதற்கு நாள் கடத்தக் கூடாது. முதலில் ஏ.ஆர். நகல், எக்ஸ்ரே, ஓ.பி. சீட்டு எல்லாவற்றையும் வாங்கி வையுங்கள். பிறகு அப்பா பெயரில் ஒரு கடிதம், வைத்தியம் பார்த்த டாக்டருக்கும் ஆஸ்பத்திரியின் நிலைய மருத்துவ அலுவலருக்கும். ‘இந்தத் தேதி, இந்த நேரம், இந்த முகவரியில் வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்தேன். வேலை கொடுத்தவர் சொன்னதால் வீட்டில் விழுந்ததாகத் தவறாகச் சொல்லிவிட்டேன்’ என்று நேராக எழுதினால் போதும். இலக்கணம் பார்க்காதீர்கள். அதே விவரத்தோடு சைட் எந்த ஸ்டேஷன் எல்லையில் வருகிறதோ அங்கே புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். “பேசி முடிச்சுக்கோங்க” என்று திருப்பி அனுப்பினால் அதே புகாரை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நிறையப் பேர் எலும்பு உடைந்தால் ஆஸ்பத்திரிக்கே போகாமல் நேராகப் புத்தூர் கட்டுக்குப் போய்விடுவார்கள். வட சென்னையில் அந்த நம்பிக்கை பெரிது, என் அம்மாவுக்கும் இருந்தது. கட்டு நல்லதா கெட்டதா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. அங்கே ஏ.ஆர். கிடையாது, ஆகவே காகிதத்தில் விபத்தே நடக்கவில்லை. உங்கள் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனதே பாதி வெற்றி. மணிக்கட்டு என்பதால் இன்னொன்று: கட்டுப் பிரித்ததும் விரல் மடங்காமல் விறைத்துக்கொள்ளும். “சரியாயிடும்” என்று விட்டுவிட்டால் கல் பிடிக்கிற பிடி திரும்ப வராது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நாட்டிலேயே பெயர் வாங்கியது, நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிசியோதெரபிக்குச் சொன்ன நாளில் தவறாமல் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு முறையும் சீட்டில் தேதி விழும், அந்தத் தேதியும் பின்னால் உதவும்.

அப்பா அந்த சைட்டில்தான் வேலை செய்தார் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்பார்கள். நம் வேலையில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரா கொடுக்கிறார்கள்? ஆனால் உங்களிடம் ஒன்று இருக்கிறது, நீங்களே கவனிக்கவில்லை. அந்த 5,000. விழுந்த அன்றைக்கே மேஸ்திரி நம்பரிலிருந்து அப்பா கணக்குக்கு வந்த பணம், தேதியோடு நேரத்தோடு. அந்த வரியை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வாங்குங்கள். அதற்கு முன்னால் சனிக்கிழமைதோறும் வந்த வாரக்கூலி ஜிபேயில் வந்திருந்தால் அதையும். அப்பா போனில் காலை எட்டு மணிக்கு மேஸ்திரியிடமிருந்து வந்த கால் பட்டியல், சைட்டில் எடுத்த போட்டோ, “நாளைக்குக் கலவை சீக்கிரம் போடணும்” என்று வந்த வாய்ஸ் மெசேஜ், எதையும் அழிக்காதீர்கள். கூட வேலை செய்தவர்களில் ஒருவர் இரண்டு பேர் சாட்சி சொன்னால் இன்னும் நல்லது. அவர்களும் அதே மேஸ்திரியை நம்பிப் பிழைப்பவர்கள், தயங்குவார்கள். கோபப்படாதீர்கள். வேறு மேஸ்திரியிடம் மாறிப் போனவர் யாராவது இருப்பார், அவரைக் கேளுங்கள். அம்மாவே நேரில் பார்த்த சாட்சிதான், அதையும் மறக்க வேண்டாம்.

எவ்வளவு கேட்கலாம்? வேலையில் அடிபட்டால் இழப்பீடு என்பது 1923-லேயே சட்டமாக வந்தது. இப்போது அது 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது, கணக்கு முறை பழையதுதான். மாதச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கணக்குக்கு எடுப்பது உச்சமாக 15,000 ரூபாய். 2020 ஜனவரியில் அப்படி நிர்ணயித்தார்கள். அப்பாவுக்கு நாள் கூலி 1,100 என்று வைத்தாலும் மாதம் 15,000-ஐத் தாண்டிவிடும், எனவே 15,000 என்றே எடுப்பார்கள்.

வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, பதினைந்து நாளைக்கு ஒரு முறை சம்பளத்தில் கால் பங்கு. அதாவது 3,750. மூன்று மாதம் வீட்டில் இருந்தால் ஆறு தவணை, 22,500 ரூபாய். மருத்துவச் செலவு இதில் சேராது, அது தனி. கை முழுசாகச் சரியாகாமல் பிடி குறைந்து போனால் அது நிரந்தர ஊனக் கணக்கு. சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 9,000. அதை, சட்டத்தின் அட்டவணையில் 45 வயதுக்கு உரிய காரணி 169.44-ஆல் பெருக்க வேண்டும். 15,24,960 வருகிறது. இது முழு ஊனத்துக்கு. சம்பாதிக்கும் திறனில் 10 சதவீதம் போயிற்று என்று டாக்டர் மதிப்பிட்டால் அதில் பத்தில் ஒரு பங்கு, 1,52,496 ரூபாய். இப்போது மேஸ்திரி கொடுத்த 5,000-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதை யார் கொடுப்பது என்பதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். “மேஸ்திரிகிட்ட என்னடா இருக்கு, அவனே டிவிஎஸ் வண்டிக்கு டியூ கட்டறான்” என்பார்கள். உண்மைதான். ஆனால் வீட்டுக்காரர் ஒரு இன்ஜினியரிடம் கான்ட்ராக்ட் விட்டு, அந்த இன்ஜினியர் மேஸ்திரிக்கு லேபர் கான்ட்ராக்ட் விட்டிருந்தால், கட்டடம் கட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் இன்ஜினியர்தான் முதல் பொறுப்பு. அவர் கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளட்டும். தன் சொந்த வீட்டைக் கட்டும் வீட்டுக்காரர்மேல் இந்த வழியில் போவது கடினம், அவருக்கு இது தொழில் இல்லை. ஆக முதல் வேலை, மேஸ்திரிக்கு மேலே யார் என்று கண்டுபிடிப்பது. சைட் போர்டில் பெயர் இருக்கும். பிளான் அப்ரூவல் நகலிலும் இருக்கும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாக இருந்து, அப்பாவுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் வழி வேறு, அங்கேதான் கேட்க வேண்டும். நீங்கள் சொல்கிறதைப் பார்த்தால் இது அந்த மாதிரி சைட் இல்லை.

முதலில் இன்ஜினியருக்கும் மேஸ்திரிக்கும் ஒரே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்: விழுந்தது, அடிபட்டது, இழப்பீடும் மருத்துவச் செலவும் வேண்டும் என்று. கொடுக்க வேண்டிய தொகையை ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வட்டி ஏறும், அபராதமும் போடலாம். பதில் வராவிட்டால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் துறையில் மனு. இந்த வேலைக்குத் தரகர் வேண்டாம், 30 சதவீதம் கமிஷன் கேட்பவர்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே சுற்றுவார்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் கொடுக்கும். பெண்கள் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே கேட்கலாம்.

நடுவில் மேஸ்திரி ஒரு நாள் வீட்டுக்கு வருவார். பழத்தோடு வருவார். “இருபதாயிரம் வாங்கிக்கோ, இதுல ஒரு கையெழுத்து” என்பார். எழுதாத தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. எழுதிய தாளாக இருந்தாலும், இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது சட்டப்படி செல்லாது. பணத்தை வாங்கினால் ‘மருத்துவச் செலவுக்காக’ என்று எழுதி வாங்குங்கள். ‘ஹெல்மெட் போடாமல் ஏறினார், அவர் தப்பு’ என்றும் ஒரு வாதம் வரும். கொடுக்காத ஹெல்மெட்டை எப்படிப் போடுவது என்று திருப்பிக் கேளுங்கள்.

கூலி பாக்கிக்கு வருவோம். மூன்று வாரம், வாரம் ஆறு நாள், 1,100 வீதம் 19,800. இதிலிருந்து அந்த 5,000-ஐக் கழிக்க அவருக்கு உரிமை இல்லை. அது அட்வான்ஸாகக் கொடுத்தது இல்லை, வேலையில் அடிபட்டதற்காகக் கொடுத்தது. செய்த வேலைக்குக் கூலி ஒரு கணக்கு, அடிபட்டதற்கு இழப்பீடு இன்னொரு கணக்கு, இரண்டையும் ஒரே பையில் போட விடாதீர்கள். எந்தெந்தத் தேதி, எந்த மாடி, என்ன வேலை என்று இன்றைக்கே அப்பாவை உட்காரவைத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அம்மாவின் நாட்களையும் சேர்த்து. மேஸ்திரி கையிலும் ஒரு ஆள் கணக்கு நோட்டு இருக்கும், அந்தப் பக்கத்தை அம்மா போனில் போட்டோ எடுக்க முடிந்தால் பொன்னானது. சட்டம் கூலி பாக்கியைக் கேட்க மூன்று வருடம் வரை கால அவகாசம் கொடுக்கிறது, ஆனால் சைட் முடிந்து ஆள் கலைந்த பிறகு யாரிடம் கேட்பது?

மேஸ்திரிக்காக ஒரு வார்த்தை. நானும் மேஸ்திரிகளோடு இருந்தவன். சதுரடி ரேட்டில் வேலை எடுத்து, தளம் போட்டால்தான் அடுத்த பில் என்று மேலே இழுத்தடிக்க, சனிக்கிழமை ஆனால் பன்னிரண்டு பேர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒளிகிறவர்கள் உண்டு. உங்கள் ஆள் அப்படிப்பட்டவராகவும் இருக்கலாம். அதனால்தான் கடிதம் இன்ஜினியருக்கும் போக வேண்டும் என்கிறேன்.

நல வாரியம். இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை. 1982-ல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1994-ல் கட்டுமானத் தொழிலாளருக்கென்று தனி வாரியம். நாடு முழுக்க ஒரு சட்டம் வேண்டும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் இயக்கம் நடந்து, 1996-ல் மத்தியச் சட்டமும் வந்தது. கட்டடச் செலவில் 1 சதவீதம் இதற்காகத்தான் வசூலிக்கிறார்கள். 60 லட்சம் ரூபாய்க் கட்டடம் என்றால் 60,000. பிளான் அப்ரூவலின்போதே கட்ட வேண்டும். ஆக உங்கள் அப்பா விழுந்த வீட்டின் பெயரிலும் பணம் போயிருக்கலாம். அட்டை இல்லாவிட்டால் அந்தப் பணம் நம் பக்கம் வராது.

18 வயதிலிருந்து 60 வரை பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பிரசவம், கண்ணாடி, விபத்து, 60-க்கு மேல் ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. தொகை அரசாணைக்கு அரசாணை மாறும், போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் காலேஜில் படிக்கிறீர்கள், அட்டை உயிரோடு இருந்திருந்தால் உங்கள் படிப்புக்கே உதவி வந்திருக்கும். அம்மாவையும் இப்போதே தனியாகப் பதிவு செய்யுங்கள். “ஒரு வீட்டுக்கு ஒரு அட்டைதான்” என்று யாரோ கிளப்பிவிட்டது பொய். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், வயதுக்குச் சான்று, பணிச் சான்று வேண்டும். கூட ஒரு முக்கியமான விஷயம்: சிமெண்டில் வருடக்கணக்கில் வேலை செய்தவர்களுக்குக் கைரேகை தேய்ந்துவிடும். ரேஷன் கடையில் மெஷின் எடுக்காமல் அம்மா திட்டு வாங்கியிருப்பாரே, அதேதான். இ-சேவை மையத்துக்குப் போவதற்கு முன்னால் ஆதாரோடு செல்போன் நம்பர் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், ஓ.டி.பி.யில் முடியும்.

ரூஃப் முட்டு விஷயத்தில் உங்கள் பயம் சரியானது. இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 456 சொல்வது இது: சுவருக்குச் சுவர் நாலரை மீட்டர், அதாவது பதினைந்து அடிக்குள் இருக்கும் தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14, அதைத் தாண்டினால் 21. இதுவும் சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்கு. நம் பக்கம் பெரும்பாலும் வருவது சாம்பல் கலந்த பி.பி.சி. மூட்டை, அது மெதுவாகத்தான் இறுகும், இன்னும் கூட விட வேண்டும். மூட்டையில் பார்த்தாலே தெரியும். ஆறாம் நாள் எடுப்பது சென்டிரிங் வாடகையை மிச்சம் பிடிக்க. அம்மாவை அதற்கு அடியில் போக வேண்டாம் என்று சொல்லுங்கள், முட்டு பிரிக்கும் நேரத்தில் கட்டாயமாக.

அம்மா கை. ஈரச் சிமெண்ட் கடுமையான காரம், சுண்ணாம்பு மாதிரி. அது சுடும்போது வலிக்காது, சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எரியும். அதனால்தான் யாரும் வேலை நடுவில் கழுவுவதில்லை. பட்டவுடன் ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவ வேண்டும், கலவை வாளித் தண்ணீரில் இல்லை. அதில் ஏற்கெனவே சிமெண்ட்தான் இருக்கிறது. பெண்களுக்கு நான் எப்போதும் சொல்வது: வளையல், மோதிரம், மெட்டி. அதற்கு அடியில் கலவை புகுந்து உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க அரிக்கும். வேலைக்குக் கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும். மெட்டியைக் கழற்ற மனம் வராது, தெரியும். அப்படியானால் காலுக்கு ரப்பர் பூட்ஸ். கைக்கு கெட்டியான ரப்பர் கிளவுஸ், உள்ளே மெல்லிய துணிக் கிளவுஸ். உள்ளே கலவை போய்விட்டால் உடனே கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் கிளவுஸ் இல்லாததைவிட மோசம். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுவது நல்லது, ஆனால் வெடிப்பும் அரிப்பும் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். சிமெண்டில் இருக்கும் குரோமியத்தால் வருவது. ஒரு தடவை பிடித்தால் விடாது. தோல் டாக்டரிடம் காட்டுங்கள், சிமெண்ட் வேலை என்று மறக்காமல் சொல்லி எழுத வையுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அம்மா சைட்டில் தண்ணீர் குடிக்கிறாரா? கக்கூஸ் இல்லாத சைட்டில் சித்தாள்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயே நனைக்கமாட்டார்கள். மே மாத வெயிலிலும் அப்படித்தான். நீர்க்கடுப்பு, கல்லடைப்பு எல்லாம் அங்கிருந்து வருகிறது. பக்கத்து வீட்டில் பேசி ஏற்பாடு செய்ய வேண்டியது மேஸ்திரி பொறுப்பு. நாலு சித்தாளும் சேர்ந்து கேட்டால் செய்வார், ஒருத்தர் கேட்டால் சிரிப்பார்.

அப்பா திரும்பச் சாரம் ஏறும் நாள் வரும். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் செத்தார்கள், அசாமிலிருந்து வந்தவர்கள். அவ்வளவு பெரிய திட்டத்திலேயே அப்படி. நம் சின்ன சைட்டில் சவுக்குக் கட்டையும் கயிறும்தான். மழைக்கு நனைந்து காய்ந்த கயிற்றில் ஏறக் கூடாது, மாற்றச் சொல்ல வேண்டும். கட்டைகள் தண்டையார்பேட்டை மணலில் நேரடியாக நின்றால் உள்ளே இறங்கும், அடியில் பலகை வேண்டும். நடைபலகை ஒற்றையாக இருந்தால் காலைக்கூடத் திருப்ப முடியாது, இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டி, இரண்டு முனையும் கயிற்றால் இறுக்க வேண்டும். உங்கள் அப்பா விழுந்தது முனை கட்டாத பலகையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இடுப்பு உயரத்தில் ஒரு குறுக்குக் கட்டை இருந்திருந்தால் பலகை புரண்டாலும் பிடித்திருப்பார். பழைய கொத்தனார்கள் “சாரம் கட்டினவன் முதல்ல ஏறட்டும்” என்பார்கள். விளையாட்டாகச் சொன்னது இல்லை.

அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்ற பயத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நிறுத்தலாம். நான் பார்த்தவரை, கடிதம் போன பிறகு பாதி மேஸ்திரிகள் கோபப்படுவார்கள், மீதிப் பாதி இறங்கி வந்து பேசுவார்கள். பூசுகிற கொத்தனார் எங்கும் கிடைப்பார், கை சுத்தமான சித்தாளுக்கு நம் பக்கம் தட்டுப்பாடு. மூலக்கடையிலிருந்து பெரம்பூர் வரை வேறு மேஸ்திரிகள் இருக்கிறார்கள். அப்பாவோடு முன்பு வேலை செய்தவர்களிடம் அம்மாவுக்காக இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், கடிதம் போடுவது அதற்கு அடுத்த நாள்.

திங்கள்கிழமை காலையில் முதலில் ஆஸ்பத்திரி, ஏ.ஆர். நகலுக்கு எழுதிக் கொடுங்கள். அப்படியே டாக்டருக்கு எழுதிய கடிதத்தையும் கொடுத்து, உங்கள் கையில் இருக்கும் நகலில் சீல் வாங்குங்கள். மத்தியானம் ஸ்டேஷன். மேஸ்திரி போன் செய்து சம்ப்பு வேலைக்கு வரச் சொன்னால், காலேஜ் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். கூடவே, புளோயர் வைக்காமல் வேறு யாரையும் இறக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அவர் இன்னொரு வீட்டுப் பையனைத்தான் கூப்பிடப் போகிறார்.